ஏக்கம் எதன் மீது?

1688-ஆம் ஆண்டு யொகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், பாசல் நகரில் அளித்த ஆய்வேட்டில், ஊரைப் பிரிந்து வாடுவோரின் துயருக்குப் பெயர் ஒன்று சூட்டினார். திரும்புதல், வலி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் ஆக்கிய 'நாஸ்டால்ஜியா' அன்று ஒரு நோயின் பெயர். நோயாளியை ஊருக்கே அனுப்பிவிடுவதுதான் மருந்து.

1768-இல் ரூசோ தம் இசை அகராதியில், சுவிட்சர்லாந்து மாடு மேய்ப்போரின் மெட்டு ஒன்றைக் குறிப்பிடுகிறார். அயல்நாட்டுப் படைகளில் இருந்த சுவிஸ் வீரர்கள் அதைக் கேட்டதும் கண்ணீர் விட்டுப் படையை விட்டே ஓடினார்களாம். ஆகவே அதை இசைக்கத் தடை விதித்தார்களாம். அம்மெட்டில் அத்தகைய ஆற்றல் எதையும் அவர் காணவில்லை. அங்கே அது இசையாக அன்றி, நினைவூட்டும் அடையாளமாகவே வேலை செய்தது என்கிறார்.

இன்று நாற்பதைத் தொட்டிருப்போர் பலருக்கு அத்தகைய மெட்டு, வீடியோ கேமில் ஒலித்த மெட்டு. 1985-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்குக் கோஜி கோண்டோ இசையமைத்தார். சுரம் எழுப்ப மூன்று குரல்கள், தாளத்துக்கு ஓர் இரைச்சல். இவ்வளவே அவர் கையாண்டவை. அதே மெட்டு நூறு முறை திரும்பி வந்தாலும் சலிக்கக் கூடாது. எளிய வேலையன்று அது. 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. தொண்ணூறுகளில் அவ்விளையாட்டு மலிவான நகல் கருவிகளில் நம் ஊர்களுக்கும் வந்தது. அந்தக் 'கேசட்'டைக் கழற்றி ஊதிச் செருகியவர்கள் இன்று குடும்பத் தலைவர்கள்.

அவர்களுள் ஒருவர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "அண்ணனுடைய நினைவுத் திருப்பலியில் வராத கண்ணீர், இந்தப் பொம்மைப் பாட்டுக்கு வருகிறதே, சாமி, இது முறையா?"

கேள்வி புதியதன்று. திருப்பாடலின் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை உருக்கியபோதெல்லாம் பாவம் செய்ததாகவே புனித அகுஸ்தீனார் வருந்தினார். ஆனால், அவருடைய அச்சம் குரல் சொல்லை மறைத்துவிடும் என்பது. இந்த மெட்டிலோ மறைப்பதற்குச் சொல்லே இல்லை. அதே அகுஸ்தீனார் காலத்தைப் பற்றி ஆராயுமிடத்தில், என் குழந்தைப் பருவம் இப்போது இல்லை, அதன் சாயலையே நினைவில் இன்று காண்கிறேன் என்னும் கருத்தைச் சொல்கிறார். அச்சாயல் நாம் அழைக்கும்போதெல்லாம் வருவதில்லை. திருப்பலியில் அவர் அண்ணனை நினைக்க முயன்றார். மெட்டிலோ முயற்சியே இல்லை. ஏனெனில், சிறுவனாக இருந்தபோது அவர் அதை உற்றுக் கேட்டதே கிடையாது; கண் முழுவதும் பள்ளத்திலும் ஆமையிலும் இருந்தது. காவலற்ற அந்த நேரத்தில் மெட்டோடு கூடவே பிற்பகல் வெயிலும், பக்கத்தில் இருந்தவரின் தோளும் உள்ளே போய்விட்டன. அந்தக் கண்ணீரை முறையற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஏக்கத்துக்கு விலையும் உண்டு என்பதை வணிகர் அறிவர். 2016-இல் அந்நிறுவனமே பழைய கருவியைச் சிறிய உருவில், முப்பது விளையாட்டுகளோடு விற்றது. வாங்குவதில் குற்றமில்லை. ஹோஃபரின் நோயாளிக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊராவது இருந்தது. இவர்களுக்கு மெட்டு மட்டும் அப்படியே கிடைக்கிறது. "எங்கள் காலத்து இசை போல் வருமா?" என்று பிள்ளைகளிடம் அலுத்துக்கொள்வோரைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளையின் கைப்பேசியில் இன்று கிணுகிணுப்பதும் நாளை ஒருநாள் எவரோ ஒருவரின் சாயலோடு திரும்பி வரலாம். அப்போது பக்கத்தில் யார் இருந்ததாக அது காட்டும்?

அவ்விளையாட்டில் எஞ்சிய நேரம் நூறாகக் குறைந்ததும் ஓர் எச்சரிக்கை ஒலி எழும். பிறகு அதே மெட்டு விரைந்து ஓடும். தம்பியின் கை நடுங்கத் தொடங்குவது அப்போதுதான். அண்ணன் ஒன்றும் பேசாமல் ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொள்வாராம்.