மௌத்தைப் பற்றி வீட்டில் பேசலாமா?

மௌத்து வரும் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. ஜனாஸாவுக்குப் பின்னால் நடந்து செல்கிறோம். கபரில் மூன்று பிடி மண் போடுகிறோம். துஆ ஓதித் திரும்புகிறோம். அப்படித் திரும்பிய அன்றைக்கே நம் வீட்டுப் பெரியவர் ஒருவர், “எனக்கு ஒன்று ஆகிவிட்டால் நீங்கள் இன்னின்னபடி செய்ய வேண்டும்” என்று பேச்செடுத்தால் என்ன செய்கிறோம்? “வாயில் நல்ல வார்த்தை வரட்டும்” என்று அடக்கிவிடுகிறோம். “அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தைக் கொடுப்பான், பேசாமல் இருங்கள்” என்கிறோம். பெரியவரும் பேசாமல் இருந்துவிடுகிறார். பிறகு பேச முடியாத நாள் வந்துவிடுகிறது.

இப்படி வாயை அடைப்பது அன்பா, அல்லது அன்பின் பெயரால் நாம் செய்யும் தவறா? இதைத்தான் நாம் இங்கே சிந்திக்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி கூடுதலாகவே உண்டு. மயிலாப்பூரிலும் இராயப்பேட்டையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்கள் காயல்பட்டினம், கீழக்கரை, இராமநாதபுரம், வாணியம்பாடி எனப் பல ஊர்களிலிருந்து தொழிலுக்காக வந்தவை. ஒரு மகன் துபாயில் இருப்பான், ஒரு மகள் கோலாலம்பூரில் இருப்பாள். தகப்பனார் மௌத்தான இரவில் வீட்டுக் கூடத்தில் எழும் கேள்விகளை நாம் அறிவோம். இராயப்பேட்டை மையவாடியில் அடக்குவதா, ஊருக்குக் கொண்டு போவதா? மகன் விமானம் ஏறி வரும்வரை மையித்தை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பதா? கடன் யாருக்கு எவ்வளவு? இவற்றுக்கெல்லாம் விடை சொல்லக்கூடிய ஒரே ஒருவர் பேச்சற்றுப் படுத்திருப்பார்.

சகுனமா, சுன்னத்தா?

மௌத்தைப் பேசினால் மௌத்து நெருங்கிவிடும் என்ற எண்ணம் நம் மக்களிடம் எப்படியோ குடியேறிவிட்டது. இஸ்லாத்தில் இதற்கு இடமில்லை. யஃகூப் (அலை) அவர்கள் மரணப் படுக்கையில் தம் மக்களை அழைத்து, தமக்குப் பின் யாரை வணங்குவீர்கள் என்று கேட்டு, அவர்கள் வாயால் பதிலைப் பெற்றுக்கொண்ட செய்தியைத் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் நமக்கு அறிவிக்கிறது. ஒரு நபியின் வீட்டிலேயே தந்தை கேட்கிறார், பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். எவரும் அவர் வாயைப் பொத்தவில்லை.

வஸிய்யத் செய்வதற்குரிய பொருள் உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பதும் தகாது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். நோயாளிக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல உடல்நலத்தோடு உறங்கச் செல்பவனுக்கும் இது பொருந்தும்.

ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைப் பாருங்கள். இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் கடும் நோயுற்று, பிழைக்க மாட்டோம் என்றே எண்ணியிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்தபோது, தம் செல்வத்தில் மூன்றில் இரு பங்கைத் தருமம் செய்யலாமா, பாதியைச் செய்யலாமா என்று வினவினார்கள். மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்றும் பதில் கிடைத்தது. நோயாளியின் படுக்கையருகே, நோயாளியே கேட்க, நபிகள் நாயகமே பதில் சொன்ன பேச்சு இது. அதன் பின் நடந்தது என்ன? ஸஅது (ரலி) அவர்கள் பிழைத்தெழுந்தார்கள். காதிஸிய்யாப் போரில் படைத் தலைமை தாங்கினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். வஸிய்யத் பேசியதால் அவர்களுடைய ஹயாத்தில் ஒரு நாளும் குறையவில்லை.

கடனும் பங்கும்

வாரிசுப் பங்கு பற்றிய வசனங்களில், கடனும் வஸிய்யத்தும் நிறைவேறிய பின்னரே பங்கு என்று திருமறையின் நான்காம் அத்தியாயம் மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறது. ஆனால் கடன் எவ்வளவென்று பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால் எதைக் கொண்டு நிறைவேற்றுவது?

ஜமல் போர் நாளன்று சுபைர் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அருகில் அழைத்துத் தம் பெரிய கவலை கடனே என்று சொன்னார்கள். சொத்துகளை விற்றுக் கடனை அடைக்குமாறும், இயலாமல் போனால் தம் எஜமானிடம் உதவி கேட்குமாறும் கூறினார்கள். மகனுக்குப் புரியவில்லை. “யார் அந்த எஜமான்?” என்று கேட்டார், “அல்லாஹ்” என்று பதில் வந்தது. தந்தையின் மறைவுக்குப் பின் மகன் கணக்கிட்டுப் பார்த்தபோது கடன் 22 லட்சமாக இருந்தது. அவர் அதை அடைத்தார். அதன் பிறகும், சகோதரர்கள் பங்கு கேட்டபோது உடனே பிரித்துத் தரவில்லை. கடன் பாக்கி உள்ளவர் வரலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்துவிட்டுத்தான் பிரித்தார். போர்க்களத்தில் நடந்த சில நிமிடப் பேச்சு ஒரு மனிதரின் மறுமையையும் ஒரு குடும்பத்தின் மானத்தையும் காத்தது.

நம் கடைக்காரர்களில் எத்தனை பேர் கைமாற்றுக் கணக்கை மனத்திலேயே வைத்திருக்கிறோம்! நிக்காஹ் பதிவேட்டில் எழுதிய மஹரை மனைவிக்குக் கொடுக்காமலேயே மௌத்தாகிறவர்கள் எத்தனை பேர்! அதுவும் கடன்தான். நிறைவேறாத ஜகாத், விட்டுப்போன நோன்பின் ஃபித்யா, பிறர் வைத்த அமானிதம் ஆகிய எல்லாமே எழுதப்பட வேண்டியவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வங்கியில் மூத்த மகன் பெயரை நாமினியாகப் போட்டுவிட்டால் பணம் முழுதும் அவனுக்கே என்று பலர் எண்ணுகிறார்கள். வங்கி வைப்புத் தொகை பற்றி 2010-லும், கம்பெனிப் பங்குகள் பற்றி 2023-லும் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, வாரிசுகளின் உரிமையை விழுங்குபவர் அல்லர். மகளின் பங்கை நாமினியின் பெயரால் மறைப்பது மார்க்கத்திலும் பாவம், சட்டத்திலும் நிற்காது. வஸிய்யத்தைக் கொண்டும் அதைச் செய்ய முடியாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் இல்லை. மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி, ஒரு வாரிசுக்கு வஸிய்யத்தும் இல்லை.

மருத்துவமனை வாசலில்

இக்காலத்தில் எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் எழுகிறது. சுவாச இயந்திரம் பொருத்தலாமா என்று மருத்துவர் கேட்கிறார். “எல்லாம் செய்யுங்கள்” என்று மகன் சொல்கிறான். அந்தச் சொல்லில் பாசம் உண்டு. ஆனால் “வாப்பாவைக் கைவிட்டுவிட்டான் என்று ஊர் பேசுமே” என்ற அச்சமும் அதில் கலந்திருப்பதை நாம் மறுக்க முடியாது. படுத்திருப்பவர் என்ன விரும்பினார் என்பது மட்டும் அங்கே யாருக்கும் தெரியாது.

நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நோயில் நடந்த ஒரு செய்தி இங்கே நம் சிந்தனைக்குரியது. அவர்களின் வாயில் ஒரு பக்கமாக மருந்தை ஊற்ற வீட்டார் முனைந்தபோது, வேண்டாம் என்று சாடை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தின் மீதுள்ள வெறுப்பு இது என எண்ணி வீட்டார் ஊற்றிவிட்டனர். தெளிவு வந்ததும், தடுத்தேனல்லவா என்று கடிந்துகொண்டு, அங்கிருந்தவர்கள் யாவரும் அதே மருந்தை உட்கொள்ள வேண்டும், அப்போது உடனில்லாத அப்பாஸ் (ரலி) அவர்கள் மட்டும் வேண்டியதில்லை என்று ஆணையிட்டார்கள். அந்த ஆணைக்கு விரிவுரையாளர்கள் பல காரணங்கள் கூறுவர். ஆயினும், அன்பு மிகுந்த வீட்டிலும்கூட நோயாளியின் மறுப்பை “நோயாளி அப்படித்தான்” என்று ஒதுக்கிவிடலாகாது என்ற பாடம் நமக்கு இதிலே இருக்கிறது.

அப்படியானால் நோயாளி எதையும் விரும்பலாமா? இல்லை. உடல் நமக்குச் சொந்தமல்ல, அல்லாஹ்வின் அமானிதம். துன்பம் தாளாமல் மௌத்தை வேண்டுவதையே மார்க்கம் தடுக்கிறது. உயிரைப் போக்க ஊசி போடச் சொல்வது தெளிவான ஹராம். நாட்டுச் சட்டமும் அதைக் குற்றம் என்றே கொள்கிறது. ஆனால் உயிரைப் போக்குவது வேறு. போகும் உயிரைப் பயனற்ற இயந்திரத்தால் இழுத்துப் பிடிக்காமல் இருப்பது வேறு. மருந்து செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். எனினும் குணம் உறுதியில்லாத சிகிச்சையைக் கட்டாயக் கடமை என்று பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் கூறவில்லை. மூளையின் இயக்கம் முற்றிலும் நின்று, அது இனி மீளாது என்று நிபுணர்கள் முடிவு செய்தால், இதயம் இயந்திரத்தால் துடித்துக்கொண்டிருந்தாலும் கருவிகளை அகற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986-இல் அம்மான் நகரில் தீர்மானித்தது. உணவையும் தண்ணீரையும் நிறுத்துவதை இதனோடு ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. அதைத் தனியே ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும்.

நம் நாட்டின் உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9-இல், மீள வழியில்லாத நோயில் இத்தகைய சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அதன் விதிகள் எளிதாக்கப்பட்டன. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தன் சார்பில் பேசுபவர் யார் என்று அதிலே குறிப்பிட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றலாம், ரத்து செய்யலாம். எழுதியவர் தாமே முடிவெடுக்கும் நிலையில் இல்லாதபோது, மருத்துவர்களின் இரண்டு குழுக்கள் ஆராய்ந்து ஒப்பிய பின்னரே அது செயலுக்கு வரும்.

வேண்டாம் என்று எழுதுவதோடு வேண்டும் என்பதையும் எழுதலாம். வலி தணிக்கும் சிகிச்சை அவற்றுள் முக்கியமானது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனைக்கு நம்மவர் எத்தனையோ பேர் சென்று வருகிறார்கள். கடும் வலிக்கு மார்ஃபின் கிடைப்பதில் இருந்த சட்டச் சிக்கல்கள் 2014-இல் குறைக்கப்பட்டன. மருத்துவர் அளவறிந்து வலியைத் தணிப்பது மௌத்தை வரவழைப்பதாகாது. வலி தணிந்தவர் கலிமாவை நிம்மதியாக மொழிய முடியும்.

அது அவர் விருப்பம்தானா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. “எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்” என்று முதியவர் சொல்வது உண்மையில் அவர் விருப்பமா? பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதே, மருமகளுக்குப் பாரமாகக் கூடாதே என்ற கூச்சமா? குறிப்பாக நம் வீட்டுத் தாய்மார்கள், வாழ்நாள் முழுதும் தமக்கென ஒன்றும் கேட்டறியாதவர்கள், கடைசியிலும் கேட்காமலே போய்விடுவார்கள். அந்தக் கூச்சத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, “உம்மாவே சொன்னார்கள்” என்று பிள்ளைகள் கைகழுவினால் அது பெரும் அநீதி.

இதற்கு வழி பேச்சை நிறுத்துவது அல்ல. உமர் (ரலி) அவர்கள் குத்துண்டு கிடந்தபோது, நாயகம் (ஸல்) அவர்களின் அருகில் அடக்கம் செய்யப்பட ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டு மகனை அனுப்பினார்கள். அனுமதி கிடைத்தது. ஆயினும், தாம் மௌத்தான பின் ஜனாஸாவைத் தூக்கிச் சென்று மறுபடியும் கேளுங்கள். மறுத்தால் முஸ்லிம்களின் பொது மையவாடிக்குக் கொண்டு போங்கள் என்று வஸிய்யத் செய்தார்கள். ஆட்சியாளர் என்ற மரியாதைக்காக அவர் இசைந்திருக்கலாமே என்ற அச்சமே அதற்குக் காரணம். வாய் சொன்ன சம்மதத்துக்குப் பின்னால் மனம் இருக்கிறதா என்று கலீஃபாவே இரண்டாம் முறை கேட்கச் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும். பணப் பேச்சில்லாத ஒரு நாளில் ஒருமுறையும், சில மாதங்கள் சென்று மறுமுறையும் கேட்க வேண்டும். மகன்கள் மட்டுமின்றி மகள்களும் இருக்கும்போது கேட்க வேண்டும். செலவைப் பற்றிய கவலை உங்களுடையதல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

படுக்கையில் விழுந்த பின் தொடங்குவது தாமதம். பெரியவரிடம் கேட்பதற்கு முன் நம்முடையதை நாம் எழுதி, “அத்தா, நான் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்” என்று காட்டினால் பாதிக் கூச்சம் போய்விடும். பள்ளிவாசல் இமாமையும் தெரிந்த வழக்கறிஞரையும் கலந்துகொள்ளலாம். எழுதியதைப் பீரோவுக்குள் பூட்டி வைத்தால் பயனில்லை. எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அபூபக்கர் (ரலி) அவர்கள் தாம் உடுத்தியிருந்த பழைய துணியையே துவைத்துக் கபனில் சேர்க்கச் சொன்னார்கள். புதுத்துணி உயிரோடிருப்பவர்களுக்கே அதிகம் தேவை என்பது அவர்கள் கருத்து. அதுபோல் சிறிய செய்திகளையும் நாம் சொல்லி வைக்கலாம். “எந்த ஊரில் மௌத்தாகிறேனோ அங்கேயே அடக்குங்கள். வெளிநாட்டு மகனுக்காக ஜனாஸாவைத் தாமதிக்க வேண்டாம். அவன் வந்து கபரருகில் துஆச் செய்யட்டும்.” இந்த மூன்று வாக்கியங்கள் போதும், வர முடியாத மகன் ஆயுள் முழுதும் தன்னையே நொந்துகொள்ளாமல் காக்கலாம்.

2020 ஏப்ரலில் இந்தச் சென்னையிலேயே, கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்க விடாமல் கூட்டம் தடுத்ததை நாம் மறக்கவில்லை. கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கப்பட வேண்டும் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டே அந்த அம்மையார் வழக்காடினார். 2021-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அவர் பக்கம் ஆணையிட்டார். அவர்கள் சமயம் வேறாயினும் நமக்கு அதில் படிப்பினை உண்டு. சொல்லி வைத்த ஒரு சொல், சொன்னவருக்காக நிற்பதற்கு வீட்டாருக்குக் காலூன்ற இடம் தருகிறது. சொல்லாமல் போனவருக்காக எவரும் அப்படி நிற்க முடியாது.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே! நம் பெரியவர்கள் அடுத்தமுறை பேச்செடுக்கும்போது “பேசாதீர்கள்” என்று சொல்ல வேண்டாம். அருகில் உட்கார்ந்து, “சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்” என்று சொல்வோம்.

வல்ல அல்லாஹ் நம் கடன்களை நம் கையாலேயே அடைத்துச் செல்லவும், நம் மக்களைக் குழப்பத்தில் விட்டுச் செல்லாதிருக்கவும், ஈமானோடு மௌத்தாகவும் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.