சிவப்புச் சட்டையும் நம் சிரிப்பும்

நாம் நேசிக்கும் ஒன்றை நாமே எள்ளி நகையாடலாமா?

'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1969-இல் நின்றுபோயிற்று. அதன் இரசிகர்கள் 1972 சனவரியில் நியூயார்க்கில் மாநாடு கூட்டினர். அத்தகைய மாநாடுகள் பின்னர்ப் பெருகின. அவற்றில் இரசிகர்கள் தாமே எழுதி, தாமே தைத்த உடையில் நடிக்கும் நகைச்சுவைக் குறுநாடகங்களும் உண்டு.

அவர்கள் சலியாது சொல்லும் வேடிக்கை ஒன்று: விண்கலத் தலைவரோடு அந்நியக் கோளில் இறங்கும் சிவப்புச் சட்டைப் பணியாளனே முதலில் சாவான். தொடரில் பலமுறை அவனுக்குப் பெயரும் இராது. கதை அவனைக் கடந்து போய்விடும். மேடையிலோ, சட்டையைக் கண்டதுமே அவன் உயில் எழுத அமர்ந்தால் போதும், அரங்கம் அதிரும்.

அளவான விளையாட்டை நற்பண்பென்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். தாமும் சிரியாமல் பிறர் மகிழ்வையும் கெடுப்போரிடம் குற்றம் கண்டார். (குருமடத்தில் அப்பகுதியை எத்துணை இறுகிய முகத்தோடு படித்தோம்!) இச்சிரிப்போ அதற்கும் ஒரு படி மேலே செல்வதாக நமக்குப் படுகிறது. கதாசிரியர் மறந்த சாவுகளை இரசிகன் எண்ணிவைத்திருக்கிறான். பகைவனுக்கு அந்தப் பொறுமை ஏது?

ஆனால் அதே மேடையில், திக்கிப் பேசும் சக இரசிகர் ஒருவரைப்போல் நடித்துக் காட்டினால்? சிவப்புச் சட்டை இப்போது முன்வரிசையில் இருப்பவர்மீது விழுகிறது. அரங்கம் முன்போலவே அதிரும். அவரும் சிரிப்பார், அத்தனை பேர் நடுவில் வேறென்ன செய்வார்?