டி டிரைவில் இல்லாதவை

"சி-யில ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் டி-யிலதான் இருக்கு."

2013 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் நான் சொன்னது இது. கோவில்பட்டி வீட்டுக் கூடத்தில், டிவிக்கும் சாமி அலமாரிக்கும் நடுவில், பூப்போட்ட துணி உறையோடு அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. 2006-இல் உள்ளூரிலேயே அசெம்பிள் செய்து வாங்கியது. பென்டியம் 4, 80 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்துவந்த பென் டிரைவ் வழியாக வைரஸ் ஏறி, ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகிக் கிடந்தது. சென்னையில் வேலை பார்ப்பவன், விவரம் தெரிந்தவன் என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸ் 7 போட்டேன். ஒரு மணி நேர வேலை. காபி குடித்துக்கொண்டே செய்தேன்.

டி-யில் இருந்தவை ஆயிரத்துச் சொச்சம் பாட்டும் முப்பது படமும். அவை எல்லாம் பத்திரமாக இருந்தன. டெஸ்க்டாப்பும் மை டாக்குமெண்ட்ஸும் சி டிரைவின் உள்ளேதான் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வீட்டில் மற்றவர்கள் கண்ணில் படும் இடத்தில்தான் எதையும் வைப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டுகிற, கரண்ட் பில்லை டிவி மேல் வைக்கிற வீடு அது. ஏழு வருஷமாக எல்லாரும் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்திருந்தார்கள்.

முதலில் கேட்டவர் அப்பா: "என் மனுவெல்லாம் எங்கடா?" அடுத்து, கல்லூரி முடித்து வீட்டில் இருந்த தங்கை. அவள் எதுவும் கேட்கவில்லை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அண்ணன் போனில், "போட்டோஸ்?" என்று மட்டும் கேட்டான். கடைசியாக அம்மா, சமையலறையிலிருந்து: "எய்யா, என் ஆட்டக் கணக்கும் போயிருச்சா?" அந்தக் கேள்வியை அன்று நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஃபார்மட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று நினைக்கிறோம். அவசர ஃபார்மட்டில் அழிவது பெரும்பாலும் அட்டவணைதான். எந்த ஃபைல் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்ற குறிப்புப் பட்டியல் போய்விடும். பட்டாவில் பெயரை அடித்துவிட்டாலும் நிலம் அங்கேயேதான் கிடக்கிறது, இன்னொருவன் வந்து உழுகிற வரைக்கும். உழவு வேலையை நானே பாதி முடித்திருந்தேன். விண்டோஸ் 7 உட்கார எடுத்துக்கொண்ட பத்துப் பதினைந்து ஜிபிக்கு அடியில் சிக்கியவை சிக்கியவைதான். மேற்கொண்டு ஒரு எழுத்துகூட அதில் ஏறக்கூடாது என்று டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி இணைப்பு வழியாக என் லேப்டாப்பில் மாட்டி, 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். அதற்கு அட்டவணை தேவையில்லை. டிஸ்க்கைக் கட்டம் கட்டமாகத் தடவிப் பார்த்து, இது ஒரு படத்தின் தொடக்கம், இது ஒரு வேர்டு ஃபைலின் தொடக்கம் என்று அடையாளம் கண்டு அள்ளிக்கொண்டு வரும்.

அப்போது எங்கள் பக்கத்தில் நாளில் பாதி நேரம் மின்வெட்டு. நல்லவேளையாக அந்த மென்பொருள் நின்ற இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, கரண்ட் வந்ததும் அங்கிருந்தே தொடரும். இரண்டு ராத்திரி, கறுப்புத் திரையில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன்.

வந்து சேர்ந்தவற்றைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஃபைல்களுக்குப் பெயர் இல்லை. யாருடைய ஃபோல்டரில் இருந்தவை என்ற தடயமும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் 'எஃப்' என்ற எழுத்தும், டிஸ்க்கில் அது கிடந்த கட்டத்தின் எண்ணும்தான் பெயர். ஆள் பெயர் போய்க் கதவு எண் மட்டும் மிஞ்சின மாதிரி. இப்படி ஐந்நூறு ஐந்நூறாக மூட்டை கட்டின ஃபோல்டர்கள். இணையத்தில் எப்போதோ பார்த்த பக்கங்களின் பொத்தான், விளம்பரம், அம்புக்குறி எல்லாம் அதில் வந்திருந்தன. அவற்றின் நடுவே அண்ணன் கல்யாணம், தங்கையின் ஹால் டிக்கெட், நான் பன்னிரண்டாம் வகுப்பில் எழுதி ஒளித்துவைத்த ஒரு கவிதை. அது அழிந்திருக்கலாம்.

ஆச்சியின் படம் ஒன்று வந்தது, தபால்தலை அளவில். டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் 160-க்கு 120 புள்ளி அளவில் ஒரு சின்ன நகலைப் பொதிந்துவைக்கும். பெரிய படத்தின் உடலை விண்டோஸ் 7 உழுதுவிட்டது, தலைப்பகுதி மட்டும் தப்பியிருந்தது. பெரிதாக்கினால் ஆச்சி சதுரம் சதுரமாக உடைந்துபோகிறாள். சின்னதாக வைத்தால் சிரிக்கிறாள். அண்ணனுக்கு அதை அப்படியே அனுப்பினேன். அவன் அதைப் பெரிதாக்கவேயில்லை என்று பிறகு சொன்னான்.

இனிப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் திறந்து பார்க்க வேண்டும். எக்ஸ்பியில் நாலு பேருக்கு நாலு கணக்கு வைத்திருந்தோம். உள்ளே நுழையும் பக்கத்தில் அப்பாவுக்கு சதுரங்கக் காய், அண்ணனுக்கு கிட்டார், தங்கைக்கு மஞ்சள் வாத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில், தங்கைக்கென்று கதவு சாத்துகிற ஓர் இடம் இருந்தது என்றால் அது அந்த மஞ்சள் வாத்துக்குப் பின்னால்தான். மீட்டெடுத்த மூட்டையில் சுவர் எதுவும் இல்லை. எல்லாருடைய அலமாரியையும் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டியாகிவிட்டது, கொட்டினவன் நான்.

"அண்ணே, நீ பாக்காத. நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்" என்றாள். அப்படியே செய்தோம். நான் ஒவ்வொன்றாகத் திறப்பேன். அவளுடையது வந்தால் உள்ளங்கையைத் திரைமேல் வைத்துவிடுவாள். ஆனால் வைத்திருக்கவே வேண்டியதில்லை. அவள் தட்டச்சு செய்தது யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருவில். ஃபார்மட்டில் அந்த எழுத்துருவும் போய்விட்டதால், அவள் தமிழில் எழுதியதெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் குழம்பித் தெரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவளுக்கு வரியின் நீளத்தைப் பார்த்தே எது எது என்று தெரிந்துவிட்டது. பதினொரு பக்கம் உள்ள ஒன்றை மட்டும் தன் பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவர் தொலைத்ததைத் தேடிக்கொடுக்கிறவனுக்கு அதைப் படிக்கும் உரிமையும் கூடவே வந்துவிடுவதாக நாம் நடந்துகொள்கிறோம். டைரி, செல்போன், செத்துப்போனவர்களின் டிரங்குப்பெட்டி என்று எல்லாவற்றிலும். அந்த இரண்டு நாளில் எனக்கு அதில் கொஞ்சம் கூச்சம் வந்தது.

ஃபைல்கள் முக்கால்வாசி திரும்பிவிட்டன. நான் வெற்றி பெற்றவன் போல நடமாடிக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் வேர்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் சிவப்பா இருக்குடா" என்றார்.

அப்பா ஓய்வுபெற்ற குமாஸ்தா. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். ஓய்வூதிய நிலுவை, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று தனக்கும் தெருவுக்கும் மனு அடிப்பதுதான் அவருடைய பொழுது. பாதி மனு ஆங்கிலத்தில் போகும். ஆங்கில வேர்டுக்கு எங்கள் உலகம் தெரியாது. இளையரசனேந்தல் என்று அடித்தால் கீழே சிவப்புக் கோடு. கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம், அம்மாவின் பெயர், எங்கள் மூன்று பேர் பெயர், குலசாமி பெயர் எல்லாம் தப்பு. ஏழு வருஷமாக ஒவ்வொன்றாக வலப்பக்கம் சொடுக்கி, இது சரியான சொல்தான் என்று அதற்குக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறார். அது போய்விட்டது. புதிதாக வந்த வேர்டு அவருடைய ஊரையும் குடும்பத்தையும் மறுபடி தப்பு என்றது.

அந்தச் சொற்களை வேர்டு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில்தான் வைத்திருக்கும், வரிக்கு ஒரு சொல்லாக. மூட்டைகளைத் தேடினேன். மூன்றாவது நாள் கிடைத்தது. ஏறக்குறைய இருநூறு சொல். இதைவிட நல்ல ஒரு தன்வரலாற்றை அப்பா எழுதியிருக்க முடியாது. வாக்கியமே இல்லை, வெறும் பெயர்கள், ஒவ்வொன்றும் உலகத்தோடு ஒருமுறை வாதாடிச் சேர்த்த பெயர்.

நடுவில் ஒரு சொல் இடறியது. 'கிரீவன்ஸ்.' மனுநீதி நாள் மனுக்களின் தலைப்பில் வரும் சொல். 'ஏ' வர வேண்டிய இடத்தில் அப்பா 'ஈ' போட்டிருந்தார். என்றைக்கோ வேர்டு அதைச் சுட்டிக்காட்ட, தான் எழுதியதுதான் சரி என்று அதற்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அது வாய் திறக்கவில்லை. ஏழு வருஷமாகக் கலெக்டர் அலுவலகம் வரை அந்தத் தப்போடுதான் மனு போயிருக்கிறது. நான் அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டு மீதியைத் திரும்பப் போட்டேன். அப்பா அடித்தார். சிவப்புக் கோடு வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வலப்பக்கம் சொடுக்கி, அதை மறுபடி சேர்த்துக்கொண்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

செட்டிங்ஸ் போனதைப் பெரிய இழப்பாக யாரும் நினைப்பதில்லை. போட்டோ போனால் அழலாம், மனு போனால் கோபப்படலாம். மவுஸ் வேகம் குறைத்து வைத்திருந்தது, எழுத்து பதினாறு அளவில் வந்தது, இந்தத் தப்பைத் தப்பு என்று சொல்லாதே என்று பழக்கியிருந்தது — இதற்கெல்லாம் யாரிடம் போய் அழுவது? ஆனால் கூடி வாழ்கிற வீட்டில் ஏறக்குறைய எல்லாமே செட்டிங்ஸ்தான் என்று இப்போது படுகிறது. அப்பாவுக்குக் காபியில் சர்க்கரை அரைக் கரண்டி. ராத்திரி பத்து மணிக்கு மேல் அண்ணனிடம் பணம் பற்றிப் பேசக்கூடாது. அப்பா சொல்லும் ஒரு கதையில் வருஷம் தப்பு என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் கோடு போடுவதில்லை. சென்னையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற நான், ஒவ்வொரு முறையும் ஃபார்மட் செய்யப்பட்டவனாகத்தான் வந்து இறங்கியிருக்கிறேன். கண்ணில் பட்ட எல்லாவற்றின் கீழேயும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

கிளம்புகிற அன்றுதான் அம்மாவின் ஆட்டக் கணக்கு ஞாபகம் வந்தது. அம்மாவுக்குத் தனிக் கணக்கு கிடையாது. கேட்கவும் இல்லை, நாங்களும் நினைக்கவில்லை. மதியம் எல்லாரும் அசந்த நேரத்தில் அப்பாவின் சதுரங்கக் காய் வழியாக நுழைந்து ஃப்ரீசெல் ஆடுவாள். எத்தனை ஆட்டம், எத்தனை ஜெயிப்பு, தொடர்ச்சியாக எத்தனை என்று அது கணக்கு வைத்திருக்கும். அது திரும்ப வராது என்று சொன்னேன்.

"போனாப் போகுது" என்றவள், பால் கணக்கு நோட்டை எடுத்து வந்து பின்பக்கத்தைக் காட்டினாள். பென்சிலில் வரிசையாக எண்கள். ஃப்ரீசெல்லில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் எண் உண்டு, பத்து லட்சம் வரை. எண்ணைக் கொடுத்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அதே சீட்டுகள் அதே வரிசையில் வந்து உட்காரும். ஜெயித்ததற்கு டிக், ஜெயிக்காததைச் சுற்றி வட்டம். அந்த வீட்டில் பேக்கப் எடுத்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

முதல் 32,000 ஆட்டங்களையும் 1994-95-இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தின் வழியாகப் பங்கு போட்டு ஆடிப் பார்த்தார்கள், 11982 என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் முடிந்தது, அதை முடிக்கவே முடியாது என்று பிறகு கம்ப்யூட்டரை வைத்தும் பார்த்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"என்ன நம்பர் சொன்ன?"

சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா வாசலில் நின்று கூப்பிட்டார். அம்மா அந்த எண்ணை அடித்து, ஐம்பத்திரண்டு சீட்டும் விரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.