பெற்றோர் வினையும் பிறர் கடமையும்

ஒருவருக்கு உடலில் நோய் வந்தால் ஊர் வந்து நலம் விசாரிக்கும். அவர் பிள்ளையின் நடத்தையில் வேறுபாடு தெரிந்தாலோ அதே ஊர் பெற்றோரையே விசாரணை செய்யும். இது முறைதானா என்பதை அடியார்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன்.

மூன்று வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளைகள் உண்டு. மணியோசை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளைகளும், ஒரு கணமேனும் ஓரிடத்தில் இருக்க இயலாத பிள்ளைகளும் உண்டு. ஓட்டிசம் என்றும், மிகையான துடியாட்டமும் கவனக் குறைவும் என்றும் வைத்தியர்கள் இவற்றை வகைப்படுத்துவர். நாமோ “வளர்ப்புச் சரியில்லை” என்போம். இல்லையேல் “பெற்றோர் செய்த வினை” என்போம்.

ஆன்மாக்கள் பல, ஒவ்வோர் ஆன்மாவும் தன் வினைப்பயனையே நுகரும் என்பது சைவ சித்தாந்தம். எனவே தாயின் வினையைப் பிள்ளை சுமக்கிறது என்பது சித்தாந்தமாகாது. பிள்ளையின் முற்பிறவிக் கணக்கைச் சொல்லவும் நமக்குத் தகுதியில்லை. அதனை அறிந்தவன் இறைவன் ஒருவனே. வினைக் கொள்கை நம்மை நாமே திருத்துவதற்கு உரியது. அயல்வீட்டாரை அளக்கும் கோலன்று. அன்னதான மடத்தில் பசித்தவரிடம் பசி வந்த காரணத்தை நாம் கேட்பதில்லை; இலையைப் போடுகின்றோம்.

மேலைநாடுகளிலும் இப்பழி இருந்தது. 1943 இல் வைத்தியர் லியோ கனர் ஓட்டிசத்தை விவரித்து எழுதினார். அதன்பின் தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்து பல ஆண்டுகள் நிலவியது. அதனை மறுத்து 1964 இல் நூல் எழுதிய பேர்னார்ட் றிம்லான்ட் ஓர் உளவியலாளர். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையுமாவார். 1977 இல் பிரித்தானியாவில் வெளியான இரட்டையர் ஆய்வு பரம்பரைக் காரணத்தின் வலிமையைக் காட்டியது. இது மூளை வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பின் குற்றமன்று என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு.

பழி சுமந்த பெற்றோர் அழுதபடி இருந்துவிடவில்லை. 1962 இல் இலண்டனில் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். அவர்களுள் ஒருவரான லோர்னா விங் உளமருத்துவர். தாமும் அத்தகைய பிள்ளையின் தாய். 1965 இல் அச்சங்கம் ஈலிங் பகுதியில் ஒரு பாடசாலையையே தொடங்கியது. அதே ஆண்டில் றிம்லான்ட் முதலிய பெற்றோர் அமெரிக்காவிலும் சங்கம் கண்டனர்.

ஒரே நிலையிலுள்ளவரின் துணைக்குத் தனி வலிமை உண்டு. பிள்ளையை உறங்க வைப்பது, முடி வெட்டுவிப்பது, சாப்பிட வைப்பது போன்றவற்றை அனுபவித்தவரே சொல்லித்தர வல்லவர். “இது உன் குற்றமில்லை, பிள்ளை” என்று நாம் சொன்னால் அது ஆறுதல் வார்த்தை. இன்னொரு தாய் சொன்னால் அது சாட்சி.

அத்துணைக்கும் வரம்பு உண்டு. ஒரு பிள்ளைக்குப் பயன்பட்டது மற்றொரு பிள்ளைக்குப் பயன்படாது போகலாம். மருந்தை நிறுத்தச் சொல்வதும், பூரண குணம் என்று ஆசை காட்டுவோரிடம் பணத்தைக் கொடுக்கச் சொல்வதும் துணையாகா. கேட்டறிந்த குடும்பச் செய்தி வெளியே போகலாகாது. வைத்தியரின் இடம் வைத்தியருக்கே உரியது.

ஆலயம் செய்யக்கூடியது என்ன? மாதத்தில் ஒரு பிற்பகல் எமது மடத்தை இப்பெற்றோர் கூடியிருந்து பேசுவதற்கு ஒதுக்கலாம். வேறு எவரும் அங்கு போய் எட்டிப் பார்க்காதிருந்தாலே போதும். திருவிழாக் காலத்தில் கூட்டம் குறைந்த வேளையில், ஒலிபெருக்கியும் மேளமும் ஓய்ந்திருக்கையில், அப்பிள்ளைகள் அமைதியாகத் தரிசிக்க வழி செய்யலாம். இவ்விரண்டையும் அடுத்த பரிபாலன சபைக் கூட்டத்தில் முன்வைக்க எண்ணியுள்ளேன். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வேண்டியது, வெளிவீதியோடு திரும்பிச் செல்லும் ஒரு தாயைப் பார்த்து “உள்ளே வா, பிள்ளை” என்று அழைக்கும் மனமே. அம்மனத்தை எம்பெருமான் நம் அனைவருக்கும் அருள்வானாக.