தாய்வழி ஒழுங்கைகள்

ஊரின் பழமையைப் பார்க்க வருகிறவரை ஆரையம்பதியில் முதலில் கோயிலுக்குத்தான் கூட்டிப்போகிறோம். கந்தசுவாமி கோயில், கண்ணகை அம்மன் கோயில், தெற்கே கோவில்குளம் என்று காட்டிவிட்டு, பழைய வரலாற்று நூலான மட்டக்களப்பு மான்மியம் சொல்லும் உலகநாச்சியின் கதைக்கு வந்து சேர்கிறோம். கலிங்கத்திலிருந்து வந்து மண்முனையை ஆண்ட அரசி அவள். அந்தப் பெருமை நமக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஒழுங்கைகளுக்குள் நடந்து, யார் வளவுக்குப் பக்கத்தில் யார் வளவு என்று விசாரித்தால் வேறொரு வரலாறு தெரியவரும். இங்கே வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அடுத்த மகளுக்கு அதே வளவில், அல்லது அருகில், இன்னொரு வீடு எழும். குடி என்கிற வம்சப் பிரிவும் தாய்வழியில்தான் வரும். இப்படிச் சில தலைமுறை கடந்தால் ஓர் ஒழுங்கை முழுவதும் ஒரு கிழவியின் வம்சமாகிவிடுகிறது. அவள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பிள்ளைகள் வெளிநாடு போய், வளவு விற்கப்பட்டு, குறுக்கே மதில் எழும்பும்போது அவள் இருந்த தடயமும் போய்விடுகிறது. அரசியைக் கொண்டாடுகிற நாம் அந்தக் கிழவியின் பெயரைக் கேட்டு எழுதிவைக்கக்கூட இல்லை.

ஊருக்கு வடக்கே இடைவெளியே இல்லாமல் முஸ்லிம் ஊரான காத்தான்குடி தொடங்குகிறது. அங்கும் வீடு மகளுக்குத்தான், குடி தாய்வழிதான். நம் கோயில்களை நிர்வகிக்கக் குடிவழி வண்ணக்கர் இருப்பதுபோல், கிழக்கின் பள்ளிவாசல்களை நிர்வகிக்கக் குடிவழி மரைக்காயர் இருந்தார்கள். இவ்வளவு நெருங்கிய வாழ்க்கைமுறை கொண்ட இரண்டு ஊர்களுக்கு நடுவே 1990 கிடக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தமிழர் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள் சுட்டுக் கொன்றார்கள். சுவரில் சன்னத் துளைகளை அந்த ஊரவர் இன்னும் காத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆரையம்பதியும் தன் மனிதர்களைப் பறிகொடுத்தது. அவரவர் இறந்தோரை அவரவர் நினைக்கிறோம். பக்கத்து ஊரின் துக்கத்தைக் கேட்க நாம் நடந்துபோவதில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஊர் பார்க்க அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒழுங்கையின் மூத்த பெண்ணிடம் அவரின் தாய், தாயின் தாய் பெயர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு ஊர் எல்லையில் திரும்பிவிடாமல் காத்தான்குடியின் அந்தப் பள்ளிவாசல்கள் வரைக்கும் கூட்டிப்போங்கள்.