பெயர் சொல்லாத நெருப்பு

கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் நூல்கள் பெருகிவிட்ட காலம் இது. அவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டர், கேம்பிரிட்ஜில் தாம் ஆற்றிய சொற்பொழிவுகளை 1927-இல் நூலாக்கி, கதை மாந்தருள் தட்டையானவர் சிலர், திரட்சியுடையவர் சிலர் என்று வகுத்துக் காட்டினார். அந்தப் பாடம் இன்றும் உலகெங்கும் ஓதப்படுகிறது. நம் நாட்டிலே ரா.கி. ரங்கராஜன் 'எப்படிக் கதை எழுதுவது?' என்று அஞ்சல் வழியே பாடம் நடத்தினார். சுஜாதா திரைக்கதைக்கு வழிகாட்டி எழுதினார். ஜெயமோகனோ, 1992-இல் வந்த 'நாவல்' என்னும் நூலில், தமிழில் நாவலென வழங்குவனவற்றுள் பல நாவலே அல்ல, நீண்ட கதைகள்தாம் என்று வாதாடினார். இளைஞர்கள் இவற்றைப் படிக்கட்டும். தச்சன் உளி தீட்டுவதைத் தடுப்பார் உண்டோ?

ஆனால் இவை போன்ற நூல்களினின்று கிளம்பி, அந்நூல்களைத் தொட்டும் பாராதவர் நாவிலெல்லாம் நடமாடுகிறதே ஒரு கட்டளை, அதனோடு நமக்கு வழக்கு உண்டு. "சொல்லாதே, உணர்த்து! பிரசார வாடை வீசினால் கலை கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும்!" என்பது அக்கட்டளை. அண்ணாவின் 'ரங்கோன் ராதா'வையும் 'பார்வதி பி.ஏ.'வையும் பக்கம் புரட்டாமலே ஒதுக்கிவிட இது எத்தனையோ பேருக்குக் கைக்கு அடக்கமான கருவியாகப் பயன்பட்டிருக்கிறது. சொல்லலாமா, சொல்லாமல் விடலாமா என்பதை உளி பிடிக்கும் நுணுக்கமாக மட்டுமே இவர்கள் பார்க்கிறார்கள். நாம் கேட்பது வேறு. ஒரு பெயர் சொல்லப்படாமல் போனால், அந்த மௌனத்தின் நிழலில் குளிர் காய்பவன் யார்? அடைக்கலம் பெறுபவன் யார்?

இக்கேள்வியை நூலகத்து நாற்காலியில் அமர்ந்து கேட்டால் சுவையான விவாதமாகவே முடிந்துவிடும். தருமபுரியில் நின்று கேட்க வேண்டும்.

2012-ஆம் ஆண்டு நவம்பர் 7. தருமபுரி மாவட்டம் நாய்க்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. காரணம் யாது? ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பி மணந்துகொண்டனர். பெண்ணின் தந்தை உயிர் நீத்தார், ஊர் திரண்டது, நெருப்பு கிளம்பியது. எட்டுத் திங்கள் கழிந்து, 2013 சூலை 4-ஆம் நாள், அந்த இளைஞன் இளவரசன் தருமபுரியில் இருப்புப்பாதை ஓரம் பிணமாகக் கிடந்தான். அந்த ஆண்டிலேயே பெருமாள்முருகனின் 'பூக்குழி' வெளிவந்தது. அதை அவர் இளவரசனுக்கே உரித்தாக்கினார். முன்னாள் தகடூர்ப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. புறத்திரட்டு போன்றவை காத்துத் தந்த சில பாடல்களே எஞ்சின. பின்னாள் தகடூரின் தீயோ ஒரு நாவலின் முகப்பில் ஏறி நிற்கிறது.

கதை தருமபுரியில் நடக்கவில்லை. தோலூர் என்னும் ஊரிலிருந்து குமரேசன் சரோஜாவை மணந்து தன் சொந்த ஊரான காட்டுப்பட்டிக்கு அழைத்து வருகிறான். சுடுவெயில். பாறைமேல் வீடு. வாசலிலே மாமியார் மாராயி. வந்த பெண்ணைப் பார்க்க ஊரே கூடுகிறது. எவள் பெற்ற பெண்ணோ, பசியோடு வந்தாளோ என்று கேட்பார் இல்லை. என்ன சாதி? அது ஒன்றே கேள்வி! நம்ம சாதிதான் என்கிறான் குமரேசன். எவரும் நம்பவில்லை. தோலின் நிறத்தைப் பார்க்கிறார்கள், முகத்தைப் பார்க்கிறார்கள், கணக்குப் போடுகிறார்கள். முடிவில், கருவுற்ற அந்தப் பெண் பதுங்கியிருக்கும் புதரைச் சுற்றித் தீ மூட்டுகிறார்கள். கணவனின் மிதிவண்டி ஓசை தொலைவில் கேட்கிறது. அவ்வளவில் நூல் நின்றுவிடுகிறது.

சரோஜாவின் சாதி யாது என்று கடைசிப் பக்கம் வரையில் ஆசிரியர் சொல்லவில்லை!

இதைத்தான் கலைநயம் என்று போற்றினார்கள் பலர். நயம் இருக்கட்டும், அதனால் என்ன விளைகிறது என்று பாருங்கள். நாவலைப் படிப்பவன் நாலாம் பக்கத்தில் இல்லாவிட்டாலும் நாற்பதாம் பக்கத்திலாவது தனக்குள் கேட்டுக்கொள்கிறான், 'இந்தப் பெண் எந்தச் சாதியாக இருப்பாள்?' என்று. குறிப்புகளைத் தேடுகிறான், ஊகம் செய்கிறான். காட்டுப்பட்டிக் கிழவிகள் செய்த வேலையை, கண்ணாடி அணிந்து நாற்காலியில் சாய்ந்து அவனும் செய்கிறான். விடை மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவளை உரிய அறையில் போட்டுப் பூட்டிவிட்டு, 'ஓ, இதுதான் சேதியா!' என்று நிம்மதியாகப் புரட்டியிருப்பான். பெயர் மறைக்கப்பட்டதால் சரோஜா கடைசி வரையில் சரோஜாவாகவே இருக்கிறாள். கேள்வியே நெருப்பு என்பதை இதைவிடக் கூர்மையாக ஒரு மேடைப்பேச்சு உணர்த்திவிட முடியாது. மேடையை நேசிக்கும் நாமே சொல்கிறோம் இதை.

கதை எழுதும் கலைக்கு மேல்நாட்டு ஆசான்களை மட்டும் தேடி ஓடுவோர், நம் பவணந்தியையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது முதலாவது. அமங்கலத்தை மங்கலமாக்கிச் சொல்வது அடுத்தது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வேறு பெயரால் வழங்குவது மூன்றாவது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துவிட்ட இந்த மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு சாதியின் பேச்சைக் கேளுங்கள். "நம்ம சனம்", "அந்தப் பக்கத்து ஆளுங்க", "ஊர்", "காலனி" என்ற சொற்களில் சாதியின் பெயர் எங்கேனும் ஒலிக்கிறதா? ஊர் என்றால் அதில் சேரியும் சேர்ந்ததுதானே? சேராது என்பது இரண்டு தரப்பாருக்கும் தெரியும். முழுக்கவும் குழூஉக்குறி! கனன்று கிடக்கும் தணற்குழிக்குப் பூக்குழி என்று பெயர் சூட்டிய நாடல்லவா இது! நெருப்பையே பூவாக்கி மங்கலம் பாடத் தெரிந்தவர்களுக்குக் கொலையைக் கௌரவம் ஆக்குவது கடினமா? நாவலாசிரியர் அந்தச் சொல்லையே தலைப்பாக்கியது, நம் மதிப்பில், நூலின் மிகச் சிறந்த ஒற்றைச் சொல்.

இவ்வளவு பாராட்டிய பிறகு ஒன்று சொல்ல வேண்டும். சரோஜாவின் சாதியை மறைத்தவர், காட்டுப்பட்டியாரின் சாதியையும் மறைத்தார். முன்னது எரிக்கப்படுபவளைக் காக்கும் மௌனம். பின்னது? தீ மூட்டியவன் நாவலைப் படித்தால், 'இது வேறு யாரோ, வேறு எந்த ஊரோ' என்று தட்டிக் கழிக்க இடம் கிடைக்கிறதே! பெயரிடாததால் ஆதிக்கச் சாதியார் எவரும் அதில் தம் முகம் காணலாம் என்று விடை கூறுவர். காணலாம், காணாமலும் இருக்கலாம். கண்ணாடியை மூடி வைக்கும் வசதி எரிபவருக்கு இல்லை, எரிப்பவனுக்கு உண்டு.

ஆதலால் நாமாவது சொல்லிவிடுவோம். நத்தத்தில் எரிந்தவை ஆதிதிராவிடர் வீடுகள். எரித்த கும்பலில் மிகப் பெரும்பாலோர் வன்னியர். இது ஒரு சாதி முழுவதன்மேல் பழி சுமத்துவதாகாது. அதே சாதியில் பிறந்து அத்தீயைக் கண்டித்தோர் உண்டு. இருசாராரும் ஒரே மண்ணில் உழைத்து, மேலிருந்தோரால் நெடுங்காலம் மிதிக்கப்பட்டவர்கள் என்பதும் உண்மை. அதனாலேயே இந்த நெருப்பு நம் இயக்கத்தாரை மற்றெவரையும் விடச் சுட வேண்டும். பார்ப்பனியம் என்று பேசி முடித்துவிட்டு வீடு திரும்பும் வழியில், பக்கத்துத் தெருவை எரித்தவன் கையில் கறுப்புத் துண்டு இருந்ததா என்று பார்க்கத் துணியாத பகுத்தறிவு எதற்கு உதவும்?

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலில் தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டி எறியுமாறு தீர்மானித்தது. நாட்டின் பிற மாநிலத்தார் இன்றும் வியக்கும் செயல் அது. 2025 ஏப்ரல் திங்களில் 'காலனி' என்ற சொல்லே அரசு ஆவணங்களினின்று நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டையும் நாம் கைதட்டி வரவேற்கிறோம். ஆயினும் வால் போன பிறகும் விலங்கு நடமாடுகிறது என்பதைக் கதை எழுதுவோர் மறந்துவிடக்கூடாது. இழிவு செய்யும் பெயரை நீக்குவது ஒன்று, குற்றம் செய்தவன் பெயரை மறைப்பது மற்றொன்று. எழுத்துப் பாடம் நடத்துவோர் இவ்விரண்டையும் 'சொல்லாமல் சொல்லும் கலை' என்னும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

பெயர் சொல்லிய எழுத்துக்கு என்ன மதிப்புரை கிடைக்கிறது? ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004-இல் வந்தது. வீரப்பனைத் தேடுகிறோம் என்று சத்தியமங்கலம் காட்டுப் பகுதிக்குள் புகுந்த அதிரடிப் படைகளின் கையில் சோளகர் என்னும் பழங்குடி மக்கள் பட்ட துயரம் அது. தொட்டி எது, படை எது, வதை எது என்று மறைக்காமல் எழுதினார். உடனே எழுந்தது முணுமுணுப்பு: "ஆவணம் ஐயா, நாவலாகவில்லை!" தருமபுரிக்காரர்கள் அந்த முணுமுணுப்புக்குத் தலையாட்ட மாட்டார்கள். அரூரை அடுத்த வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் புகுந்து செய்த கொடுமையில் 18 பெண்கள் சிதைக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேருக்கு எதிராகத் தீர்ப்பு வர 2011 ஆயிற்று. அதற்குள் 54 பேர் இறந்தே போயினர். உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ததோ 2023-இல். யார், எப்போது, எவரை என்று ஒவ்வொரு பெயராக எழுதி வைத்ததால்தான் அந்த மக்கள் வென்றார்கள். ஆவணம் என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்துவோர் பத்திரமாக வாழ்பவர்கள் போலும்!

பெயர் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் இதே பெருமாள்முருகன்தான் சான்று. 2010-இல் வந்த 'மாதொருபாக'னில் திருச்செங்கோடு திருச்செங்கோடாகவே இருந்தது. நான்கு ஆண்டு கழித்து ஊர் பொங்கியது, நூல் கொளுத்தப்பட்டது, 2015 சனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த பிறகு வந்த நாவல் 'பூனாச்சி'யில் நாயகி ஒரு வெள்ளாடு. 'பூக்குழி' 2023-இல் அனைத்துலக புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் ஏறியபோது நாமும் மகிழ்ந்தோம். ஆட்டின் கதைக்குப் போக நேர்ந்த அந்த வழியையும் சேர்த்து எண்ணிப் பார்த்தே மகிழ்ந்தோம். பெயரை மறைத்த எழுத்தாளரைக் குறை கூறும்முன், பெயர் சொன்னவரைக் காக்க நாம் எத்தனை பேர் தெருவுக்கு வந்தோம் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

இமையத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை விட மனமில்லை. 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'செல்லாத பண'த்தில், தீயில் வெந்த ரேவதி மருத்துவமனையில் கிடக்க, தந்தையின் பணம் வாசலிலேயே செல்லாமல் நின்றுவிடுகிறது. சிறந்த நூல். ஆனால் நம் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது 2012-இல் வந்த அவருடைய நெடுங்கதை 'பெத்தவன்'. தாழ்த்தப்பட்டவனை விரும்பிய மகளைக் கொன்றுவிடு என்று ஊர் தந்தைக்கு ஆணையிடுகிறது. பழனி என்னும் அந்தத் தந்தை இரவோடு இரவாக மகளைத் தப்புவித்து அனுப்பிவிட்டுத் தான் நஞ்சுண்டு மாய்கிறான். ஜெயமோகனின் அளவுகோலில் இது நாவல் ஆகாது. ஆகாமல் போகட்டும்! எரிக்கச் சொன்ன ஊரும் எரிக்க மறுத்த ஒருவனும் ஒரே சாதி, ஒரே தெரு, ஒரே சோறு. சாதி ஒருவன் நெஞ்சுக்குள் எந்த இடத்தில் முறியும் என்பதை அக்கதை தொட்டுக் காட்டுகிறது.

ஆனாலும் பழனி மறுத்தவன். மறுக்காதவனின் கதை வேண்டும். நவம்பர் 7-ஆம் நாள் மாலை, கையில் பந்தத்தோடு நத்தத்துக்குள் நுழைந்தவனை, அவன் பெயரோடும் ஊரோடும் சாதியோடும், அவன் சுமந்த கடனோடும் அவன் கேட்ட பேச்சுகளோடும் ஒருவர் நாவலாக எழுத வேண்டும். அரக்கனாக அல்ல, அரக்கன் என்றால் படிப்பவனுக்குத் தப்பிக்கும் வழி மீண்டும் திறந்துவிடும். இதற்கு வெளியூர் எழுத்தாளரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தருமபுரியில் புத்தகத் திருவிழா நடக்கிறது, இளைஞர்கள் மூட்டை மூட்டையாய் வாங்கிப் போகிறார்கள்; அவர்களுள் ஒருவர் எழுதட்டும். அவன் அன்று இரவு வீடு திரும்பியிருப்பான். கைகால் கழுவிக்கொண்டு தட்டின்முன் உட்கார்ந்திருப்பான். கல்லூரியில் படிக்கும் மகள் சோறு போட்டிருப்பாள். சட்டையில் என்னப்பா புகை வாடை என்று அவள் கேட்டபோது, அவன் என்ன சொல்லியிருப்பான்?