நொட்டாங்கையும் மண்டையிடியும்

நான் இடக்கையன். ஒற்றைத் தலைவலி உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்ட காலமும் உண்டு. மூன்றுக்கும் ஒரே காரணம் இருந்துவிட்டால் எவ்வளவு வசதி! மென்பொருள்காரனுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதல். பத்து இடத்தில் பிழை வந்தாலும் கோளாறு ஏதோ ஒரு வரியில்தான் என்று நம்பித்தானே ராத்திரி பூரா உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த ஆசைக்கு அறிவியல் வடிவம் தந்தவர் அமெரிக்க நரம்பியலாளர் நார்மன் கெஷ்விண்ட். இடக்கையர்களிடம் ஒற்றைத் தலைவலி, நோயெதிர்ப்புக் கோளாறு, கற்றல் குறைபாடு எல்லாம் அதிகம் என்று 1982இல் பீட்டர் பீஹனோடு சேர்ந்து எழுதினார். லண்டனில் இடக்கையர்களுக்கென்றே சாமான் விற்ற ஒரு கடை வழியாக ஆட்களைத் திரட்டியிருந்தார்கள். பிறகு, கருவிலேயே டெஸ்டோஸ்டிரோன் செய்யும் வேலைதான் இதெல்லாம் என்று கோட்பாடு விரிந்தது. அழகான கோட்பாடுதான். 1994இல் பிரைடன், மக்மேனஸ் முதலியோர் சான்றுகளை அலசியபோது அது தேறவில்லை. 2021இல் 87 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இடக்கைக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு தென்படவில்லை.

ஆனால் தலைவலிக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவு நிஜம். டெட்ராய்ட்டில் நவோமி பிரெஸ்லாவ் குழுவினர் ஒரே ஆட்களைக் காலம் விட்டுக் கவனித்தார்கள். ஒன்று இருப்பவருக்கு மற்றது பின்னால் வரும் வாய்ப்பு இரு திசையிலும் கூடியிருந்தது. மனச்சோர்வுக்கு வந்த அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் தருகிறார்கள்.

அப்புறம் ஏன் இடக்கை மட்டும் பட்டியலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது? அது ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் கை. நம்மூரில் அதற்குப் பீச்சாங்கை என்று பேர். காசு நீட்டினால்கூட வாங்க மாட்டார்கள். புதுக் குற்றம் எதையும் அதன்மேல் சுமத்துவது சுலபம். அக்கா மகளுக்கு நான்கு வயது, இடது கையில் கிரேயான் பிடிக்கிறாள். அக்காவின் மாமியார் அதைப் பிடுங்கி வலது கையில் திணித்து, "மாமன் மாதிரி மண்டையிடி வரணுமாடி உனக்கு?" என்றார்.

"அது எங்கம்மா வழியில வந்தது அத்தை. அவங்க வலது கைதான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அம்மாவைப் பற்றி யோசித்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவளுக்கு அந்த வலி. நெற்றியில் சுக்குப் பத்து, சாத்திய கதவு, வாந்தி. தலையைப் பற்றி விசாரித்தவர்கள் யாரும் மனசைப் பற்றி விசாரித்ததில்லை. போன தீபாவளிக்கு நான் கேட்டேன். "இத்தன வருசம் கழிச்சு என்னடா?" என்றாள். அப்புறம் வெகுநேரம் பேசினாள்.